விருந்தினருக்கு எழுதி வையுங்கள்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் மன்றத்து நண்பர்களுக்கு ஊர் சுற்றும் ஆவல் பிறந்துவிடுகிறது. முன்பெல்லாம் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று பெரிய ஊர்களின் விடுதிகளையே தேடினோம். இப்பொழுது சிற்றூரில், ஒரு குடும்பத்தின் வீட்டில், கிணறும் தோட்டமும் சூழ நாலு நாள் தங்குவதைப் பலரும் விரும்புகின்றனர். நல்ல மாற்றந்தான். ஆனால் அவ்வீடுகளில் நான் கண்ட ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோற்றிலும் குறை இல்லை, படுக்கையிலும் குறை இல்லை. வந்தவருக்குத் தெரியவேண்டியதை ஒரு தாளில் எழுதி வைக்காத குறை அது. எல்லைப்புறத்தில் வீடுள்ள மாணவர் நம்முள் சிலர் இருக்கின்றனர். அவர்கள் வீட்டிலும் அறைகளை வாடகைக்கு விடுகின்றனர். ஆகவே குறையைச் சொல்வதோடு நில்லாமல் அதைப் போக்கவும் நம்மால் முடியும்.

சென்ற ஆண்டு நாங்கள் ஐவர் குன்னத்துகாலுக்குப் போயிருந்தோம். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே, குமரி மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, இருபுறமும் அதே ரப்பர் மரம், அதே மரச்சீனி, அதே மழை. பேச்சும் அப்படித்தான், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். நாகர்கோவிலிலிருந்து நண்பர் ஒருவரின் காரில் களியக்காவிளை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வீட்டார் அன்பானவர்கள். மாலையில் ஒரு திருமணத்திற்குப் புறப்படும்போது கூட, “எல்லாம் இருக்கிறது, உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டே போனார்கள்.

நம் வீடு என்றால் விளக்கு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டில் தெரியவில்லை. ஐப்பசி மாதம்; இடியும் மழையுமாக இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. கழிப்பறை வீட்டின் பின்புறம். எங்களுள் ஒருவர் செருப்பில்லாமல் இருட்டில் நடந்தார். ஏதோ காலைக் கடித்தது. பாம்பு என்பது மட்டும் தெரிந்தது; என்ன பாம்பு என்பது தெரியவில்லை. வீட்டுக்காரரின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. ஒருவர் துணியால் இறுகக் கட்டவேண்டும் என்றார். இன்னொருவர் கீறி இரத்தத்தை வெளியேற்றவேண்டும் என்றார். (பட்டப்படிப்பு படிக்கிறோம், பாருங்கள்!) கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில், வந்த வழியிலேயே, மார்த்தாண்டத்தை நோக்கிக் காரைத் திருப்பினோம். மழையில் அந்தப் பயணம் எவ்வளவு நீளமாக இருந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கடித்தது நஞ்சில்லாப் பாம்பு. இரவு முழுதும் வைத்துப் பார்த்துக் காலையில் மருத்துவர் அனுப்பிவிட்டார். திரும்பி வந்து தேநீர்க்கடையில் நடந்ததைச் சொன்னபோது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் காரக்கோணத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே என்றார். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவரும், பின்னர் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக உழைத்தவருமான சாமர்வெல் பெயரால் நிற்கும் மருத்துவமனை அது. அதை விட்டுவிட்டு மாநில எல்லையைத் தாண்டி ஓடியிருக்கிறோம். கடித்தது கட்டுவிரியனாக இருந்திருந்தால்?

இதற்கு யாரைக் குறை சொல்வது? வீட்டாரைக் கேட்டால், “கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்பர். உண்மைதான், ஆனால் இன்னது கேட்கவேண்டும் என்பதே விருந்தினனுக்குத் தெரியாது அன்றோ? மற்றொன்றும் சொல்வர்: “வந்தவர் கையில் விதிகளைக் கொடுப்பது விருந்தோம்பலுக்கு அழகாகுமா? இது என்ன பள்ளிக்கூட விடுதியா?” இந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன். ‘செய்யாதே’ என்று பத்து வரி எழுதினால் அது அதிகாரம். ‘மின்சாரம் போனால் மெழுகுவத்தி சமையலறை மாடத்தில் இருக்கிறது’ என்று எழுதினால் அது அன்பு. வீட்டார் திருமணத்திற்குப் போயிருக்கும்போதும் அந்த வரி வீட்டில் இருக்கும்.

பிரெஞ்சு நாட்டார் இதில் நமக்கு மூத்தவர்கள். ஊர்ப்புறத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து வீடுகள் வெறுமையாய்க் கிடந்த காலத்தில், 1951இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் முதல் ‘ழீத்’ வீட்டைத் திறந்தனர். 1955இல் அதற்கென ஒரு கூட்டமைப்பையும் கண்டனர். வீட்டின் தரத்திற்கு நட்சத்திரம் போடாமல் கோதுமைக்கதிர் போட்டது உழவர் நாட்டுக்குப் பொருத்தமே. அத்தகைய வீடுகளில் விருந்தினருக்கென ஒரு கையேடு வைக்கும் வழக்கம் உண்டு. அடுப்பை மூட்டுவது எப்படி, குப்பையை எங்கே போடுவது, சந்தை என்று கூடும், மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டில் அரசு ‘தங்கம்’, ‘வெள்ளி’ என்று தரம் பிரிக்கிறது. ஆறு அறைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வாழவேண்டும் என்கிறது. அறையையும் குளியலறையையும் அளந்து பார்க்கிறார்கள். மேசையின் மேல் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தால் என்ன?

குன்னத்துகால் வீட்டுக்கு எழுதவேண்டிய தாளில் முதலில் வரவேண்டியது மருத்துவமனை. எது அருகில் உள்ளது, எங்கே பாம்புக்கடி மருந்து எந்நேரமும் கிடைக்கும் என்று வீட்டார் நேரில் விசாரித்தே எழுதவேண்டும். கட்டாதே, கீறாதே, காலை அசைக்காதே, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள், 108ஐ அழை அல்லது உடனே புறப்படு. இவ்வளவே போதும். அதனடியில் 112, மின்வாரியத்திற்கு 1912, வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் உரிய எண்கள். வீட்டு முகவரியையும் எழுதவேண்டும், ஏனெனில் ஆம்புலன்சுக்காரர் “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் விருந்தினன் விழிப்பான். கைபேசி காட்டும் வழி ரப்பர்த் தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும் என்றால் அதையும் சொல்லிவிடலாம்.

அடுத்தது தண்ணீர். அங்கே குடிக்கும் நீரைப் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சுவார்கள், இளஞ்சிவப்பாக இருக்கும். எங்களுள் ஒருவர் கூசாவிலிருந்த நீரைத் துருப்பிடித்த தண்ணீர் என்று முற்றத்தில் கொட்டிவிட்டார். வீட்டு அம்மையார் முகத்தில் அன்று கண்ட வருத்தத்தை ஒரு வரி தடுத்திருக்கும். கிணற்று மோட்டாரை எப்பொழுது போடுவது, வேனிலில் எவ்வளவு சிக்கனம் வேண்டும் என்பதும் அவ்விடத்திலேயே வரவேண்டும்.

மொழியைப்பற்றி ஒரு சொல். “மோட்டார் போட்டால் வெள்ளம் வரும்” என்றார் வீட்டுக்காரர். மதுரை நண்பர் திடுக்கிட்டார். அவ்வூரில் வெள்ளம் என்றால் தண்ணீர். வாசலில் மலையாள எழுத்தில் ஒரு பலகை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ‘பட்டியுண்டு’ என்று வாசித்துவிட்டு ஆட்டுப்பட்டியைத் தேடினார். வந்தது நாய். எல்லைக்கு அப்பாலிருந்து இவ்வளவு பேர் வரும் ஊரில் தாள் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதே முறை. அதை எழுத வீட்டுப் பெரியவருக்கு நேரம் இராது. விடுமுறையில் வீட்டுக்குப் போகும் நம் மாணவனுக்கு உண்டு.

மற்றவை சிறு செய்திகள். விடியுமுன் மரங்களிடையே விளக்கொளி அசைந்தால் திருடன் அல்லன், ரப்பர் வெட்டுபவர், கூச்சல் வேண்டா. மரத்தில் கட்டிய சிரட்டையைத் தொடாதீர். பிளாஸ்டிக்கைத் தனியே கழுவி வையுங்கள். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து எடுப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். (அரண்மனை தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்பொருள் துறை!) அருவிப்புறம் போகிறவர்கள் நெய்யாற்றில் தெரியாத இடத்தில் இறங்காதீர்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை திருத்தவேண்டும். பழைய நேரம் எழுதிய தாளை நம்பி நிற்பவன் பாடு பெரும்பாடு.

விருந்தினருக்கும் ஒரு கடமை உண்டு. தாளைப் படிக்கவேண்டும். போன அன்றே, பெட்டியைத் திறக்குமுன்.

ஊர் திரும்பியதும் நாங்கள் ஐவரும் உட்கார்ந்து, அவ்வீட்டுக்கென ஒரு தாள் எழுதி அனுப்பினோம். தவறாக நினைப்பார்களோ என்ற அச்சம் இருந்தது. பத்து நாளில் மறுமொழி வந்தது. காரக்கோணம் போகும் குறுக்குவழியை மழைக்காலத்தில் நம்பவேண்டாம் என்று திருத்தியிருந்தார் பெரியவர். கழிப்பறை வழியில் விளக்குப் போட்டாயிற்று என்றும், கைவிளக்கு இப்பொழுது கதவருகே ஆணியில் தொங்குகிறது என்றும் எழுதியிருந்தார். கீழே அம்மையாரின் கையெழுத்தில் மலையாளத்தில் ஒரு வரி: நாய் கடிக்காது, மீன்முள் மட்டும் போடவேண்டாம்.