கேட்கவே வேண்டாமாம்!

அணுக் கனிமச் சுரங்கம் தோண்ட இனி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி தில்லியில் ஒரு குறிப்பாணை போட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் சுரங்கம் தோண்டும் திட்டத்தின் சங்கதி தெரிந்தவர்களுக்கு அந்தக் குறிப்பாணையின் உள்நோக்கத்தை விளக்கத் தேவையில்லை. 2024 அக்டோபர் 1-இல் நடத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பைக் கண்டு தள்ளிவைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் பாக்கி இருந்தது. அந்தத் தொந்தரவு தீர்ந்தது அவர்களுக்கு.

கடற்கரைக்காரர் பாடு என்று திற்பரப்பில் இருப்போர் ஒதுங்க முடியாது. இங்கே அருவியாக விழும் தண்ணீர் குழித்துறை தாண்டித் தேங்காய்ப்பட்டணத்தில்தான் கடல் சேர்கிறது. பொழிமுகத்துக்குக் கிழக்கே இனயம், மிடாலம். மேற்கே ஏழுதேசம், கொல்லங்கோடு. குறி வைத்த நிலம் அத்தனையும் அங்கேதான்.

நாளை தூத்துக்குடித் தேரிக்காட்டுக்கும் இதே விதி வரலாம். பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துச் சாஸ்தாவைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்தச் செம்மணல் மேடுகள் தெரியும். பனையும் உடையும் கொல்லாமரமும் தெரியும். தேரியில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டுத் திருவிழாவில் இளநீர் வெட்டுப்பட்ட இடத்து மண்ணுக்கு எத்தனை முண்டியடிப்பு! ஒரு பிடி கிடைத்தால் முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவார்கள். களவு செய்யாத பெண்ணை மாம்பழக் கள்ளி என்று அரசன் விசாரிக்காமல் தண்டித்தான், அவள் சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடியது என்பது தேரிக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று. அந்த அரசனுக்காவது கருத்துக் கேட்கும் சட்டம் கிடையாது. இவர்களிடம் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே எழுத்தில் இருக்கிறது.

கருத்துக்கேட்பு என்றால் என்ன? ஒரு பந்தல், ஒரு மைக், எதிரே அதிகாரிகள். வலை பின்னும் கையோடு ஒருவர் எழுந்து, 'இந்த மண்ணைக் கிளறினால் கதிர்வீச்சு கூடுமா? புற்றுநோய் பற்றி எங்களுக்கு யார் பதில் சொல்வது?' என்று கேட்பார். கேட்டது பதிவேட்டில் ஏறும், வீடியோவில் நிற்கும். அவ்வளவுதான். அதற்கே இத்தனை பயம்!

ஆள்வோர் மணலைக் காத்த லட்சணம் ஊரறிந்தது. தாதுமணல் அள்ள 2013-இல் தடை போட்டும் கொள்ளையின் கணக்குத் தீரவில்லை; கடைசியில் 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம்தான் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. 2016-இல் இனயத்தில் துறைமுகம் என்றார்கள். ஊர் எழுந்ததும் கோவளம் பக்கம் நகர்த்தினார்கள். அதுவும் போன இடம் தெரியவில்லை. 2017 ஒக்கிப் புயலில் எச்சரிக்கை வந்தபோது நம் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கேட்க வேண்டியவர்களைக் கேட்காதது, சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லாதது: நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை.

இப்போது தேசப் பாதுகாப்பு என்கிறார்கள். அரிய கனிமம் தேசத்துக்கு வேண்டும்தான், யார் மறுத்தார்கள்? அதற்காகக் குடிமகன் வாயைப் பொத்த வேண்டுமா? பொத்தித்தான் எடுக்க முடியும் என்றால், வெளியே சொல்ல முடியாத ஏதோ அந்தக் கோப்பில் இருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும்.

குறிப்பாணை போக வேண்டும். மாநில அரசு கடிதம் எழுதியதோடு ஓயாமல் கட்சிகளையும் தேவாலயப் பங்குகளையும் ஊர்க் கமிட்டிகளையும் அழைத்து உட்கார வைத்து, உருப்படியாக ஏதாவது செய்யட்டும். அதுவரை கிள்ளியூரில் ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது.