கூட்டணி இருந்தும் தற்காப்பு வேண்டும்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். நான்கே நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பிரிட்டனின் கடற்படை காக்கும் என்ற நம்பிக்கை அத்துடன் முறிந்தது. 1951-இல் அமெரிக்கா, நியூசிலாந்துடன் ஆஸ்திரேலியா செய்துகொண்ட ஆன்சஸ் உடன்படிக்கைக்குப் பின்னால் இருந்தது அந்த அச்சம்தான். ஆனால், பொது ஆபத்தை ஒவ்வொரு நாடும் தன் அரசமைப்பு நடைமுறைப்படி எதிர்கொள்ளும் என்றுதான் அது சொல்கிறது. படை வந்தே தீரும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அது முறைப்படி செயலுக்கு வந்ததும் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்குத் துணைநிற்கவே.

இப்போது அமெரிக்கா, பிரிட்டனுடனான ஆக்கஸ் பாதுகாப்பு ஏற்பாட்டின் கீழ் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்காகப் பல பத்தாண்டுகளில் 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை செலவாகலாம் என்கிறது அரசின் மதிப்பீடு. அமெரிக்கக் கடற்படையின் வலிமை குறையாது என அந்நாட்டு அதிபர் சான்றளித்தால்தான் அங்கிருந்து கப்பல்கள் கைமாறும். சுமார் 2.7 கோடி மக்கள் ஒரு கண்டத்தைத் தனியே காக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது; முடியாது என்பதே விடை. உளவுத் தகவலும் தொழில்நுட்பமும் நட்பால் கிடைக்கும் உண்மையான பலன்கள். அணுக்கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடிய நியூசிலாந்துக்கு அளித்த பாதுகாப்பு உறுதியை 1986-இல் அமெரிக்கா நிறுத்திவைத்தது என்பதும் மறக்கத்தக்கதல்ல. அதனாலேயே உள்நாட்டு ஏவுகணை உற்பத்தி, எரிபொருள் இருப்பு, இந்தோனேசியாவுடனான உறவு ஆகியவற்றுக்கான பணத்தையும் கவனத்தையும் நீர்மூழ்கித் திட்டம் விழுங்கிவிடாதபடி ஆஸ்திரேலிய அரசு இப்போதே வரம்பு கட்ட வேண்டும்.