மாலத்தீவு செய்வது போதுமா?

குட்டி நண்பர்களே, மந்திரிசபைக் கூட்டம் எங்கே நடக்கும்? தலைநகரத்தில், குளுகுளு அறையில், பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நடத்துவார்கள். ஆனால், 2009 அக்டோபர் 17ம் தேதி மாலத்தீவு மந்திரிகள் எங்கே கூடினார்கள் தெரியுமா? கடலுக்கு அடியில்!

ஜனாதிபதி முகமது நஷீதும் மந்திரிகளும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கிரிஃபுஷி என்ற தீவை ஒட்டிய கடலுக்குள் இறங்கினார்கள். தண்ணீருக்குள் பேச முடியாதே! அதனால் கையால் ஜாடை காட்டிக்கொண்டார்கள். 'உலக நாடுகளே, கரியமில வாயுவைக் குறையுங்கள்' என்று கேட்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்.

இது வெறும் வேடிக்கை இல்லை. மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் இருக்கின்றன. அந்த நாட்டு நிலத்தில் 80 சதவீதம், கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரம் கிடையாது. நாலாம் வகுப்புப் பையனின் மார்பளவுதான்! பூமி சூடாகும்போது பனிமலைகள் உருகுகின்றன. கடல் நீரும் சூட்டில் விரிகிறது. இரண்டும் சேர்ந்து கடல் மட்டத்தை உயர்த்துகின்றன. 1987ல் பெரிய அலைகள் தலைநகரம் மாலேவுக்குள்ளேயே புகுந்துவிட்டன. அதே வருடம் அப்போதைய ஜனாதிபதி மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. சபையில் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசினார். பெரிய நாடுகள் பலவும் இதைக் கண்டுகொள்ளாத காலம் அது.

ஆக, உலகத்தைத் தட்டி எழுப்பிய வேலைக்கு மாலத்தீவுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். சொந்த வீட்டில் செய்த வேலைக்கு என்னால் அவ்வளவு மார்க் போட முடியவில்லை.

அந்தக் கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2009 மார்ச்சில், நஷீத் ஒரு வாக்குறுதி கொடுத்தார். பத்தே வருடத்தில், தன் நாட்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்றார். 2012ல் அவர் பதவி போனது. பத்து வருடமும் போனது. கணக்கு பூஜ்யமாகவில்லை. 2020ல் புது வாக்குறுதி வந்தது: 2030க்குள் செய்வோம், மற்ற நாடுகள் உதவினால்!

இன்றும் அங்கே பெரும்பாலான மின்சாரம் டீசலில்தான் கிடைக்கிறது. நம் ஊரில் மாதிரி ஊருக்கு ஊர் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க முடியாது, நடுவில் கடல். தீவுக்குத் தீவு தனி ஜெனரேட்டர், அதற்குக் கப்பலில் டீசல்! வருடம் முழுக்க வெயில் அடிக்கும் நாட்டில் இது வேதனைதான். சூரியத் தகடுகளைப் பொருத்தி வருகிறார்கள். ஆனால், வேகம் போதவில்லை.

"அந்தக் குட்டி நாடு வெளியிடும் வாயு, உலகக் கணக்கில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லையே! அதை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. மாலத்தீவு நாளைக்கே எல்லா ஜெனரேட்டரையும் அணைத்தாலும் கடல் இறங்கிவிடாது. சீனா, அமெரிக்கா, நம் இந்தியா போன்ற பெரிய நாடுகள் குறைத்தால்தான் உண்டு.

ஆனால், பவளப்பாறை விஷயம் வேறு. மாலத்தீவுக்குக் கோட்டைச் சுவரே பவளப்பாறைதான். பெரிய அலைகளை அது தடுத்து உடைக்கிறது. தீவுகளின் வெள்ளை மணலும் பவளம் தந்ததே. கிளிமீன் என்ற மீன் பாறையைக் கொறித்துத் தின்று, மணலாகக் கழித்துத் தள்ளுகிறது! (சிரிக்காதீர்கள், நிஜம்.) கடல் சூடானதால் 1998லும் 2016லும் ஏராளமான பவளங்கள் வெளுத்துப் போயின. அது உலகம் செய்த தப்பு.

கடலடி மணலைத் தோண்டிக் கொட்டிப் புது நிலம் உண்டாக்குகிறார்களே, அது யார் செய்வது? தோண்டும்போது கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிந்து அதைக் கொல்கிறது. நெரிசலில் தவிக்கும் மாலே மக்களுக்காக 1997ல் ஹுல்ஹுமாலே என்ற தீவை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். குடியிருக்க வீடு வேண்டுமே! ஆனால், உல்லாச விடுதிகளுக்காகவும் கடலைத் தூர்ப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? 2024ல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். நாட்டின் ஜனத்தொகையைப்போல இது சுமார் நான்கு மடங்கு. அந்த வருமானத்தில்தான் நாடே ஓடுகிறது, சரி. பயணிகள் பார்க்க வருவதே அந்தப் பவளத்தைத்தானே?

கடலைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பாட்டியிடம் 'மாசிக் கருவாடு' தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாலத்தீவின் சூரை மீனில் செய்வது அது. அந்த மீனைப் பெரிய வலை வீசி அள்ளமாட்டார்கள். தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத்தான் பிடிப்பார்கள். பல நூறு வருடப் பழக்கம்! அந்த நிதானம் மணல் தோண்டும் விஷயத்தில் எங்கே போனது?

கடலடிக் கூட்டம் நடந்த வருடம் மாலத்தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு 2030ல் 21 வயது ஆகியிருக்கும். அங்கேயும் 18 வயதில் ஓட்டு உண்டு. மந்திரிகள் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.