முலாமும் மெய்யும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின்போது, நம் கல்லூரியில் பயின்று சென்ற மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவர் கையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி இருந்தது. அதனைத் திறந்து காட்டினார். உள்ளே பட்டுத் துணியின்மேல் ஒரு பழைய பாணி ரேசர், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்புடன் கிடந்தது.

“ஐயா, இதற்கு வயது எழுபது இருக்கும். பழைய இரும்புக் கடையில் கறுத்துக் கிடந்தது. வீட்டிலேயே நிக்கல் முலாம் பூசினேன். உங்கள் பாட்டனார் காலத்து ரேசர் ஒன்று வீட்டில் இருப்பதாக வகுப்பில் சொல்லியிருக்கிறீர்களே! கொடுங்கள், ஒரே நாளில் புதிதாக்கித் தருகிறேன்” என்றார்.

அவருடைய கைத்திறனைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சீட்டு என் கண்ணில் பட்டது. ‘பழையது, பயன்படுத்தப்படாதது, மூல முலாம் மாறாதது’ என்று விற்பனைக்காக எழுதியிருந்தார். “தம்பி, இது உண்மையா?” என்று வினவினேன். “வாங்குபவர் மகிழ்கிறார், ஐயா. இதில் யாருக்கு என்ன நட்டம்?” என்று அவர் புன்னகைத்தார்.

அந்த வினாவுக்கு அன்று நான் முழுமையாக விடை கூறவில்லை. கூற வேண்டிய விடையே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

‘முலாம்’ என்னும் சொல் நம் மண்ணில் பிறந்ததன்று. ஒளிரச் செய்யப்பட்டது என்னும் பொருளுடைய ‘முலம்மா’ என்னும் அரபுச் சொல், உருது வழியாகத் தமிழுக்கு வந்து ‘முலாம்’ ஆயிற்று. அரபு மொழியும் தமிழும் கைகோத்த சொற்களுள் இதுவும் ஒன்று. சிதம்பரம் கவரிங் நகையை அறியாத தமிழர் இலர். மட்டமான உலோகத்தின்மேல் உயர்ந்த உலோகத்தை மெல்லிய படலமாகப் படியச் செய்தலே முலாம் பூசுதல். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்பதனால் ‘முலாம் பூசிய பேச்சு’ என்று பொய்ம்மைக்கும் அச்சொல்லை ஆளத் தொடங்கினோம்.

எனினும் முலாம் எல்லாம் பொய்ம்மையன்று. நம் பாட்டிமார் காலத்தில் தெருவிலே ஈயம் பூசுபவர் வருவார். பித்தளைப் பாத்திரங்களில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். களிம்பேறிய உணவு உடலுக்குத் தீங்கு. ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசி வாங்குவர். அஃது அழகுக்காகச் செய்ததன்று. உண்பவர் நலத்துக்காகச் செய்தது. பாத்திரம் பித்தளை என்பதை எவரும் மறைத்ததில்லை. முலாமுக்கு உரிய நேர்மையை அந்த ஈயப் பூச்சிலே காணலாம்.

ரேசரும் அதன் மேலாடையும்

முகத்தை வெட்டாத கத்தி வேண்டும் என்னும் எண்ணம் பழையது. 1762-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுக் கத்தித் தொழிலாளர் ஷான் ஷாக் பெரே என்பார் கத்திக்கு மரக் காப்பு ஒன்று அமைத்தார். பின்னர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்தால் தீட்டாமல் எறிந்துவிடக் கூடிய மெல்லிய பிளேடைக் கற்பனை செய்து, 1901-இல் காப்புரிமை கோரி, 1904-இல் அதனைப் பெற்றார். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கூர்மையாக்கும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். 1903-இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டில் அவ்விற்பனை 90,000 ரேசர்களைக் கடந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு 35 இலட்சம் ரேசர்கள் வழங்கப்பட்டன.

அக்காலத்து ரேசர்களுள் பெரும்பாலானவை பித்தளையால் ஆனவை. பித்தளை இரும்பைப் போல் துருப்பிடிக்காது. கடைவதற்கும் அச்சில் அழுத்துவதற்கும் எளிது. அதன்மேல் வெள்ளியோ நிக்கலோ பூசினர். செல்வர்க்குப் பொன்னும் பூசினர். மின்சாரத்தால் முலாம் பூசும் கலை அதற்கு முன்பே வளர்ந்திருந்தது. வோல்ட்டா மின்கல அடுக்கைக் கண்ட ஐந்தாம் ஆண்டில், அதாவது 1805-இல், இத்தாலியரான புருக்னத்தெல்லி அதனைக் கொண்டு பொன் பூசிக் காட்டினார். 1840-இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் அதனைத் தொழிலாக்கும் காப்புரிமை பெற்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு உலோகம் படியும் என்னும் விதியை வகுத்தளித்தார்.

அவ்விதிப்படி, ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1.1 கிராம் நிக்கல் படியும். ரேசரின் மேற்பரப்பை 50 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டு, 10 மைக்ரான் கனத்துக்குப் பூச வேண்டுமெனில், தேவைப்படும் நிக்கல் அரைக் கிராமுக்கும் குறைவே. அரை ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்துக்குள் அதனைப் படிய வைத்துவிடும். தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்கே உள்ள இப்படலத்தைத்தான் நம் பாட்டனார்களின் பெருவிரல் பல்லாண்டுகளாகத் தேய்த்து, உள்ளிருந்த மஞ்சள் பித்தளையை வெளியே காட்டியது.

வீட்டில் பூசுவோர் அறிய வேண்டியவை

வீட்டிலே பூசுவோர் பெரும்பாலும் வினிகரில் நிக்கல் துண்டுகளை இட்டு மின்சாரம் பாய்ச்சிப் பச்சை நிறக் கரைசல் ஒன்றை உண்டாக்குகின்றனர். நிக்கல் துண்டை நேர்மின்வாயாகவும், ரேசரை எதிர்மின்வாயாகவும் இணைத்து அக்கரைசலில் தொங்கவிடுகின்றனர். கேட்பதற்கு எளிது, பள்ளி ஆய்வகச் சோதனை போன்றது. ஆயினும் என் நண்பராகிய வேதியியல் துறைப் பேராசிரியரிடம் இதுபற்றி உசாவியபோது அவர் முகம் மலரவில்லை.

முதலாவது, அப்பச்சை நீர் நஞ்சு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இலேயே நிக்கல் சேர்மங்களை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவன என வகைப்படுத்தியது. வெறுங்கையால் தொடுவோர்க்குத் தோலில் அரிப்பும் படையும் தோன்றலாம். நிக்கல் துண்டுக்கு மாற்றாக எவர்சில்வர் கரண்டியை இட்டுச் சிக்கனம் செய்வோரும் உளர். அதிலுள்ள குரோமியம் கரைந்து, ஆறு இணைதிறன் கொண்ட கொடிய குரோமியமாக வெளிப்படும் அபாயம் உண்டு.

இரண்டாவது, எல்லா ரேசரும் பித்தளையன்று. பிற்காலத்து ரேசர்கள் பல துத்தநாகக் கலவையால் ஆனவை. அவற்றை அப்படியே அமிலக் கரைசலில் இட்டால் முலாம் ஏறுவதற்கு முன்பே உலோகம் அரிக்கப்படும். பட்டறைகளில் முதலில் செம்பு பூசி, அதன்மேலேதான் நிக்கல் பூசுவர்.

மூன்றாவது, முலாம் பள்ளத்தை நிரப்பாது, கீறலை மூடாது. அடியிலுள்ள பரப்பு எவ்வாறோ, மேற்பூச்சும் அவ்வாறே அமையும். ஆகவே பூசுமுன் நன்றாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அங்கேதான் இழப்பு நேர்கிறது. கைப்பிடியின் வரிகள் மழுங்கும். செய்த ஊரையும் ஆண்டையும் காட்டும் பொறிப்பெழுத்துகள் மறையும். மாணவர் கொண்டுவந்த ரேசரிலும், ‘இங்கிலாந்தில் செய்தது’ என்னும் ஆங்கிலப் பொறிப்பில் பாதி எழுத்துகளே எஞ்சியிருந்தன. பொருளைப் புதிதாக்கும் ஆர்வத்தில் அதன் வரலாறு தேய்க்கப்பட்டுவிட்டது.

நீருக்கு நாம் பட்ட கடன்

“பயன்படுத்திய கரைசலை என்ன செய்தாய்?” என்று கேட்டேன். “சாக்கடையில் ஊற்றினேன், ஐயா. ஒரு குவளைதானே!” என்றார்.

ஒரு குவளைதான். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டோரும் ஒவ்வொருவராகப் பார்த்தால் ‘நம் ஒருவருடைய கழிவுதானே’ என்றே எண்ணியிருப்பர். அக்கழிவுகளெல்லாம் சேர்ந்து கிணறுகளைக் கெடுத்த கதையை நம் சமுதாயப் பெரியவர்கள் நன்கறிவார்கள். அத்தொழிலில் நம்மவர் பங்கு பெரிது என்பதையும் அறிவார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஒளூவுக்கு நீர் தேடும் சமுதாயம் நீரைக் கெடுக்கலாமா? பெரிய ஆலைக்கு ஒரு நீதி, வீட்டுக் கொல்லைக்கு வேறொரு நீதி என்பது பொருந்தாது.

மறைத்தலும் திருத்தலும்

இனி, சீட்டில் எழுதிய பொய்க்கு வருவோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். நனைந்த தானியத்தை விற்கக் கூடாதென்று அங்கே சொல்லப்படவில்லை. மறைத்து விற்கக் கூடாதென்றே சொல்லப்பட்டது. மறுமுலாம் பூசிய ரேசரை விற்பது குற்றமன்று. ‘மூல முலாம் மாறாதது’ என்று விற்பதே குற்றம். நட்டம் யாருக்கு என்று மாணவர் கேட்டார். பணம் கொடுத்தவர் ஒன்றை நம்பி வேறொன்றைப் பெறுகிறார். விற்றவர் தம் சொல்லின் மதிப்பை இழக்கிறார். இரண்டும் நட்டமே.

தமிழ்த் துறையினர்க்கு இது புதிய பாடமன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள் செல்லரித்த ஏடுகளோடு போராடினர். நல்ல பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைப் பதிவு செய்வார். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவார். தாமே ஓர் அடியை யாத்துச் சேர்த்துப் பழம்புலவர் தலையில் ஏற்றினால், படிப்பவர்க்கு இனிமையாக இருக்கலாம். ஆயினும் அது மோசடியே. ஏட்டுக்குரிய நேர்மை ரேசருக்கும் உரியதே.

அவ்வாறாயின் பழையதைத் தொடவே கூடாதா எனின், அதுவும் என் கருத்தன்று. தேய்ந்தது எல்லாம் புனிதம் எனப் போற்றுவது ஒருவகைச் சோம்பல். பிளேடைத் தாங்கும் பகுதியில் களிம்பேறி, வெட்டுப்பட்ட தோலில் அது உரசுமாயின் பூசத்தான் வேண்டும். நான் வேண்டுவன மூன்றே. பயன் கருதிப் பூசுக. நீரையும் உடலையும் காக்கும் வகை அறிந்தோரிடம் பூசுக. பூசியதை மறையாது சொல்லுக.

பாட்டனாரின் ரேசர்

என் பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பியபோது கொணர்ந்த பொருள்களுள் இன்று எஞ்சியிருப்பது அந்த ரேசர் ஒன்றே. அவர் தாடி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முன் கன்னத்தையும் கழுத்தையும் ஒதுக்குவதற்கு மட்டும் அதனை எடுப்பார். அவருக்குப் பின் என் அத்தா அதனை ஆண்டார். கைப்பிடியில் பெருவிரல் பதியும் இடத்தில் நிக்கல் முற்றும் தேய்ந்து, பித்தளை தெரிகிறது. அவ்விடத்தில் என் விரலை வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.

அது மூன்று பகுதிகளாகக் கழலும் ரேசர். மாணவர் சென்ற பின் அதனைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடைப் பற்றும் மேல்தகடும் அடித்தகடும் பச்சை பூத்திருந்தன. அவ்விரண்டையும் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடுள்ள முலாம் பட்டறை ஒன்றில் கொடுத்து, எழுத்துகள் அழியாதவாறு மெல்ல மெருகிட்டு நிக்கல் பூசச் செய்தேன். கைப்பிடியைத் தொடவில்லை. தலை வெள்ளையாகவும் கை மஞ்சளாகவும் இருப்பதைக் கண்டு என் மகன் நகைத்தான். “ஏன் அத்தா, பாதியிலே விட்டுவிட்டீர்கள்?” என்றான். “தோலில் படுவது தூய்மையாக இருக்க வேண்டும், கையில் படுவது உண்மையாக இருந்தால் போதும்” என்றேன்.

சில திங்கள் கழித்து அம்மாணவர் மீண்டும் வந்தார். வீட்டிலே பூசுவதை விட்டு, அதே பட்டறையில் கொடுத்துப் பூசி வாங்குவதாகக் கூறினார். பெட்டியின் சீட்டில் இப்போது ‘மறுமுலாம் பூசப்பட்டது’ என்று எழுதியிருந்தது. “விலை குறைந்துவிட்டது, ஐயா” என்றார். குறைந்திருக்கும், உண்மைக்கு அவ்விலையும் உண்டு. ஆயினும் அன்று அவர் என் கண்ணை நேராக நோக்கிப் பேசினார்.

மாணவச் செல்வங்களே! பட்டமும் பதவியும் நமக்கு ஏறும் முலாமாகலாம். அவை ஏறட்டும், ஒளிரட்டும். ஆயினும் என்றேனும் ஒருநாள் அவை தேயும். தேயும் இடத்தில் தெரியப்போகும் மெய், காண்பவர் முன் நாம் நாணாத மெய்யாக இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!