எச்சரிக்கை லயத்துக்கு வந்து சேர வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மலையகத்து லயன்களில் நிம்மதியான தூக்கம் இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையை யாரால் மறக்க முடியும்? 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். காலை நேரத்தில் மலை இறங்கி வந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளும் உண்டு. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் எழும்பிப் போக அந்தச் சனத்துக்கு வேறு வீடு இருக்கவில்லை.

இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். இதில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் வருவதில்லை. ஹல்துமுல்லை, அம்பகமுவ என்று பிரதேச செயலகப் பிரிவின் பெயர்தான் வரும். நம் ஆட்கள் தோட்டம், டிவிசன், லயன் நம்பர் எல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். பிரதேச செயலகம் எது என்றால் யோசிக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது அதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இரவில் மின்சாரம் போனால் டிவியும் இல்லை, கைத்தொலைபேசியும் சார்ஜ் இல்லை. அதற்கும் வழி உண்டு. அடியும் வாயும் ஒரே அகலமான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் சேர்ந்தால் விழித்திருங்கள். 100 தாண்டினால் பையைக் கட்டுங்கள். 150 ஆனாலும், ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் நிற்க வேண்டாம். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று இவற்றைக் கண்டால் டின்னையும் பார்க்க வேண்டாம், எச்சரிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதங்கள், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும்.

இவ்வளவும் தொழிலாளி செய்யலாம். நிர்வாகம் செய்ய வேண்டியதை யார் செய்வது? மழைத் தண்ணீரை மலையிலிருந்து ஒழுங்காக இறக்குவதற்காகவே நம் முன்னோர் கான் வெட்டினார்கள். இன்று செலவைக் குறைக்கிறோம் என்று பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே இருப்பது லயன்.

இன்னொன்றும் உண்டு, அதை வெளியில் பேச நம் ஆட்களே வெட்கப்படுகிறார்கள். இரவெல்லாம் கோயிலிலோ பாடசாலையிலோ விழித்துக் கிடந்தவர் காலையில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். பேர் போகுமே என்றுதான் பலர் வெடித்த சுவருக்குள்ளேயே படுக்கிறார்கள். சிவப்பு எச்சரிக்கை நாளில் வெளியேறியவருக்கு முழுப் பேர் போட வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே பிரட்டுக் களத்தில் தமிழில் அறிவிக்க வேண்டும். கொழுந்து நிறை சொல்ல ஆள் இருக்கும்போது இதைச் சொல்லவும் ஆள் இருக்கும்.

தோட்டத் தலைவர்கள் இம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த இரண்டு கோரிக்கைகளையும், தூர்ந்த கான்கள் உள்ள மலை நம்பர்களையும் எழுதி, ஒரு பிரதியைத் துரையிடமும் மற்றதைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.