கால்களின் விறைப்பும் பள்ளிப் பயிற்சியும்

பெங்களூர் சிவாஜிநகரில், 1927-இல் எழுந்த ரஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்கள் குறுகியவை, வீடுகள் நெருக்கமானவை. தமிழும் உருதும் கன்னடமும் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு வீதியும் பள்ளி முற்றமுமே விளையாட்டுக் களம். இத்தகைய பகுதிகளில், ஓட்டத்தில் திறன் காட்டும் பிள்ளையை விளையாட்டு விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் கட்டாந்தரையில் ஓடவைக்கும் வழக்கம் உண்டு. விழா வருமுன்பே கணைக்கால் எலும்பில் வலி கண்டு அப்பிள்ளை ஒதுங்கிவிடுவதும் உண்டு. குறை பிள்ளையிடத்தில் இல்லை. பயிற்சியின் முறையில் உள்ளது.

விளையாடுவோரின் கால்கள் தளர்ந்திருத்தலே நன்று, விறைப்பு தீது என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. ஓடுபவரின் கால் சுருள்வில்லைப் போன்று தொழிற்படுகின்றது. பாதம் தரையிற் பதியும்போது கணுக்காலும் முழங்காலும் மடங்குகின்றன; குதிகாலின் தசைநாண் நீண்டு சக்தியைச் சேமிக்கின்றது. பாதம் எழும்போது அச்சக்தியின் பெரும்பகுதி உடலை முன்செலுத்தப் பயன்படுகின்றது. கால் தாங்கும் விசையை, அவ்விசையினாற் கால் குறுகும் அளவால் வகுத்தால் கிடைப்பதே காலின் விறைப்பு. சான்றாக, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் கால் 1,500 நியூட்டன் விசையைத் தாங்கி 10 சென்டிமீட்டர் குறுகுமாயின், அதன் விறைப்பு மீட்டருக்கு 15,000 நியூட்டன் ஆகும்.

விறைப்பு மிகக் குறைந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், பாதம் தரையில் நெடுநேரம் தங்கும், சக்தி வீணாகும், தசைகளும் தசைநார்களும் ஊறுபட வாய்ப்பு உண்டு. மிகுந்தாலோ, அதிர்ச்சி எலும்பைத் தாக்கும். ஆகவே வேண்டப்படுவது அளவான விறைப்பே. உடலும் இதனை அறிந்தே நடக்கின்றது. தரை மென்மையாயின் கால் விறைப்பைக் கூட்டுவதையும், தரை கடினமாயின் குறைப்பதையும் ஃபெரிஸ், பார்லி முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் எடுத்துக்காட்டினர். இவ்வாறு இடமறிந்து மாறுவதற்குக் காலில் வலிமை இருத்தல் இன்றியமையாதது.

அவ்வலிமையை ஓட்டம் மட்டுமே தந்துவிடாது. பின்லாந்தில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுந்தூர ஓட்டக்காரர் சிலர் தம் ஓட்டப் பயிற்சியில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்நேரத்தில் ஒன்பது வாரங்கள் துள்ளலும் விரைவான வலிமைப் பயிற்சியும் மேற்கொண்டனர். அவர்களது உடல் ஏற்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு உயரவில்லை. எனினும் 5 கிலோமீட்டர் ஓட்டத்தின் நேரம் குறைந்தது. 2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஆறு வாரத் துள்ளற் பயிற்சிக்குப் பின் கெண்டைக்காலின் விறைப்பு உயர்ந்தது. 3 கிலோமீட்டர் ஓட்டத்தின் நேரமும் குறைந்தது. நுரையீரல் மாறாதபோதும் கால் என்னும் வில் திருந்தியதனால் ஓட்டம் திருந்தியது எனக் கொள்வது பொருந்தும்.

இதிலிருந்து ஆசிரியர்கள் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. மைதானம் இல்லை என்பது பயிற்சி அளிக்காமைக்குக் காரணம் ஆகாது. கயிறு தாண்டுவதற்கு இரண்டு கெஜ இடம் போதும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதற்கு ஒரு படி போதும். முதலில் இரு காலாலும், பின்னர் ஒரு காலாலும் செய்தல் வேண்டும். அது எளிதானபின், புத்தகப் பையைத் தோளில் ஏற்றிச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு நாட்கள், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தொடக்கத்திற்குப் போதுமானது. கருவி இல்லாவிடினும் செவி உண்டு. துள்ளும் பிள்ளையின் பாதம் சுருக்கென்று பட்டு எழுமாயின் நன்று. ஒலி கனத்து மந்தமாயின் கால் களைத்துவிட்டது என்று அறிந்து அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுதல் வேண்டும்.

பொறுமையே இதில் தலையாயது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணோ உறுதிபெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வலிமை வந்துவிட்டதென்று எண்ணிப் பளுவை மிகுதியாக ஏற்றுவதே ஊறுக்கு வழி. வளரும் பருவத்தினர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். வலி கண்ட பிள்ளையைத் துள்ள வைத்தல் கூடாது.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூரில் ஆடி வளர்ந்தவர். அவ்வணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். அத்தகைய கால்கள் ஒரு மாதப் பயிற்சியில் உருவானவை அல்ல. பல ஆண்டுப் பழக்கத்தால் உருவானவை. இன்றும் நெருக்கமான தெருக்களில் அத்தகைய திறன் பிறந்துகொண்டுதான் இருக்கின்றது. அதனை விழாவுக்கு முந்திய மாதத்தில் தேடாமல், கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே தேடி, படிப்படியாக உறுதிப்படுத்துவது ஆசிரியரின் கடமையாகும். ஒரு கோப்பையை இழந்தால் அடுத்த ஆண்டு வென்றுவிடலாம். முறிந்த காலோடு மனமும் முறிந்து மைதானத்தை விட்டகன்ற பிள்ளையை மீண்டும் அழைத்து வருதல் அத்துணை எளிதன்று.