விருந்தினர் சென்ற பிற்பகல்

சென்ற ஆகஸ்டில் ஐந்து நாட்கள் உடப்புசல்லாவையில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். தோட்டத்து லயத்தில் இரண்டு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும்தான் அது. கூடலூரிலிருந்து எங்கள் தாய்மாமனின் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாமா 1970களில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தலைமன்னாரில் கப்பலேறியவர். அவரால் மீண்டும் வர முடியவில்லை. அவர் பிறந்த காம்பராவைப் பார்க்கப் பிள்ளைகள் வந்தார்கள்.

எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். பெண்கள் உள்ளே, ஆண்கள் இஸ்தோப்பில், இளைஞர் இருவர் பக்கத்துக் காம்பராவில். பீலியடியில் காலையில் வரிசை. ரொட்டி சுட்டு முடிவதற்குள் தேத்தண்ணிக் கேத்தல் காலியாகிவிடும். மருமகள் நான்கு நாட்கள் கொழுந்துக்குப் போகவில்லை. நான்கு நாளும் அவளுக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. விருந்தோம்பலின் செலவு கடைக் கணக்கில் மட்டும் அடங்குவதில்லை.

ஐந்தாம் நாள் காலை நுவரெலியா பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். பிற்பகல் ஊமையாகிவிட்டது. அத்தான் இஸ்தோப்பில் சாய்ந்தபடி உறங்கிப்போனார். இந்தப் பருவத்தில் இங்கு வீசும் வறண்ட காற்றுதான் உடப்புசல்லாவைத் தேயிலைக்கு மணம் தருகிறது என்பார்கள். அன்று அது தகரக்கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. “காது அடைச்சாப்ல இருக்கு தம்பி” என்றார் அக்கா. எங்கள் காம்பரா மட்டுமன்று, லயம் முழுவதுமே அடங்கியிருந்தது. கூரையை எட்டாத இடைச்சுவருக்கு அப்பால் இருப்பவர்களும் நான்கு நாட்களாக அந்த விருந்தில் பங்குகொண்டவர்கள்தாமே.

நாற்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். 1964இல் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இலக்கங்களைப் பிழையின்றி எழுதியதில் ஒரு காலத்தில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மற்றொரு நாட்டுக்கும் உரியவரானதை அந்த இலக்கங்கள் சொல்லவில்லை. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அந்தப் பெயரில் இருந்த செய்தி என் கட்டுரைகளில் இருக்கவில்லை.

கூடலூரில் மாமாவுக்குக் கிடைத்ததும் தேயிலைதான். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தோட்டங்களில் ஒன்று. இரண்டாம் நாள் மாமா மகளும் எங்கள் மருமகளும் தத்தம் உள்ளங்கைகளை அருகருகே வைத்துக் கொழுந்துக் கறையை ஒப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலையக வீடமைப்பைப் பற்றிப் பேசும்போது ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்கிறோம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் உறவினர் வந்து தங்குவதற்கும் மனிதருக்கு இடம் வேண்டும் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. லயம், உழைப்பவர் இரவில் படுத்தெழுவதற்காகக் கட்டப்பட்டது; அவர்களுக்கு உறவினர் இருப்பார்கள் என்று துரைமார் எண்ணவில்லை. அதே எண்ணத்தோடு நாமும் சதுர அடி அளக்கக் கூடாது. காணி உறுதி கையில் இருந்தால் ஓர் அறையை மக்களே சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். நிலம் அரசுக்கும் நிர்வாகம் கம்பனிக்கும் உரியதாயிருக்கும் லயத்தில் எதைக் கட்டுவது? “அடுத்த முறை வரும்போது சொந்த வீட்டுல இருப்போம்” என்று பஸ்ஸடியில் அக்கா சொன்னார். அதை நம்பித்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு இரவல் பாய்களை எண்ணிச் சுருட்டினார். ஒன்று கூடுதலாக இருந்தது. யாருடையது என்று விசாரிக்க லயத்தின் கடைசிக் காம்பரா வரை நடந்து போனார்.